மடிக்கணினித் திரையில் கீறலும் கறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மடிக்கணினி பாவிக்கிறவர்கள் திரையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். கீறல் என்று காட்டப்படுவதில் நிறைய, கீறலே இல்லை, துடைத்தால் போய்விடும். உண்மையான கீறல் என்றால் அதைத் தேய்த்து எடுக்க முயல்வதுதான் திரைக்கு வரும் பெரிய சேதம். அதனால் முதல் கேள்விக்கான விடையை மட்டும் தவறாமல் வாசித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

திரையில் இருப்பது கீறலா, கறையா, உள்ளே இருக்கும் பழுதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினியை முழுதாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, திரை ஆறும் வரை 10 நிமிடம் விடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசியின் ரோர்ச் வெளிச்சத்தைத் திரையின் பக்கவாட்டில் இருந்து, திரைக்கு ஏறக்குறையச் சமாந்தரமாகப் பிடியுங்கள். கறை மங்கலான திட்டாகத் தெரியும். கீறல் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். வெளிச்சத்தை வேறு திசைக்கு மாற்றினால் அந்தக் கோடு மறையும் அல்லது கூடுதலாக மின்னும்.

அடுத்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் ஒரு மூலையை மட்டும் காய்ச்சி வடித்த (டிஸ்டில்ட்) தண்ணீரில் நனைத்து, அந்த இடத்தை அழுத்தாமல் ஒரு தரம் தடவுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். தடம் போய், காய்ந்த பிறகும் திரும்பி வராவிட்டால் அது வெறும் கறை. ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் அதே வடிவில் திரும்பி வந்தால் மேற்பரப்பில் கீறல் உண்டு; பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பியபோது ஒளி சிதறாததால்தான் அது மறைந்தது. காய்ந்தபின் வடிவம் மாறி, தேய்த்த திசையில் இழுபட்டு வந்தால் எண்ணெய்க் கறை இன்னும் மீதம் இருக்கிறது.

ஈரத்தில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் கணினியைப் போட்டு, முழுத்திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள். திரை எரியும்போது மட்டும் தெரிகிற வெள்ளைப் பொட்டு, கறுப்புத் திட்டு, நிறக்கோடு எல்லாம் உள்ளே உள்ள பழுது. வெளியே எதைத் தடவினாலும் அது மாறாது.

நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம். நகத்தின் மேற்புறத்தை எடையே இல்லாமல் குறுக்காக ஓடவிட்டால் போதும். தட்டுப்பட்டால் ஆழமான கீறல்.

விசைகளின் வடிவத்திலேயே திரையில் சதுரம் சதுரமாகத் தடம் விழுந்திருக்கிறது. இது கீறலா?

பெரும்பாலும் இல்லை. விரலில் உள்ள எண்ணெய் விசைகளில் படியும். மூடியை மூடி, மேலே பாரம் வைத்தால் திரை வளைந்து விசைகளைத் தொடும். எண்ணெய் அப்படியே திரையில் ஒட்டும். மெல்லிய கணினிகளில் மூடிய பிறகு திரைக்கும் விசைகளுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் இது கூடுதலாக நடக்கும். விசைகளுக்கு மேல் போடும் சிலிக்கன் உறை இந்தத் தடத்தைத் தடுக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். மூடும்போது எடுக்காவிட்டால், இருந்த கொஞ்ச இடைவெளியையும் அந்த உறை அடைத்துவிடும்.

எடுக்கும் முறை: தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் ஒரு தரம், 50 இற்கு 50 கலந்த ஐசோபுரோப்பைல் அல்ககோலும் காய்ச்சி வடித்த நீரும் தொட்ட துணியால் இரண்டாம் தரம், உலர்ந்த துணியால் மூன்றாம் தரம். விரல் நுனியால் ஒரு இடத்தில் குத்தித் தேய்க்காமல், துணியை நான்காக மடித்து உள்ளங்கை அகலத்தில் வைத்துத் தடவுங்கள். பழைய தடம் என்றால் அல்ககோல் துணியை அந்த இடத்தில் 5 நொடி தொட்டபடி வைத்துவிட்டுத் தடவினால் இளகும்.

இதற்குப் பிறகும் சதுரத்தின் விளிம்புக் கோடு மட்டும் மிஞ்சினால், அது விசையின் ஓரம் நாள்பட உரசி உண்டாக்கிய தேய்வு. இடையில் மணல் அகப்பட்டிருந்தால் இது விரைவாக நடக்கும். அந்தக் கோடு போகாது. விசைப்பலகையையும் அதே நாளில் துடைத்துவிடுங்கள். அழுக்கு விசையோடு மூடியை மூடினால் மறுநாளே தடம் திரும்ப வரும்.

என் திரை எந்த வகை என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்?

பொருள் வேறு, பூச்சு வேறு. ஒன்றுக்குச் சரியானது மற்றதைக் கெடுக்கும்.

பாவனையில் உள்ள மடிக்கணினிகளில் நிறைய மினுக்கம் இல்லாத திரைகள். அணைத்த திரையில் ரியூப்லைட்டின் பிம்பம் கலங்கிய வெளிச்சமாகத் தெரிந்தால் இந்த வகை. இதன் வெளிப்புறம் கண்ணாடி இல்லை. ஒளியை வடிக்கும் போலரைசர் தாளின் மேற்படையான செலுலோஸ் அசற்றேற்றுப் பிளாஸ்ரிக்கும், அதற்கு மேல் சில மைக்ரோமீற்றர் தடிப்பில் ஒரு கடினப் பூச்சும்தான் வெளியே இருக்கின்றன. அந்தப் பூச்சின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடுபள்ளமாகச் செய்யப்பட்டிருக்கும். அந்த மேடுபள்ளம்தான் பிம்பத்தைக் கலைக்கிறது. பூச்சின் கடினம் பெரும்பாலும் 3எச் பென்சிலால் கீறினால் தாங்கும் அளவில் நிற்கும். அதைவிடக் கடினமான எது உரசினாலும் கோடு விழும்.

இரண்டாம் வகை மினுங்கும் பிளாஸ்ரிக் திரை. பிம்பம் தெளிவாகத் தெரியும், ஆனால் திரையைச் சுற்றி உயர்ந்த பிளாஸ்ரிக் சட்டம் இருக்கும். மூன்றாவது கண்ணாடித் திரை: பெரும்பாலான தொடுதிரைக் கணினிகளிலும் புதிய மக்புக்குகளிலும் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கண்ணாடி ஓடும். கண்ணாடி கடினமானது. ஆனால் அதன்மேல் உள்ள ஒளித்தெறிப்புத் தடுப்புப் பூச்சு மிக மெல்லியது. கண்ணாடிக்குச் சேதமே இல்லாமல் பூச்சு மட்டும் திட்டுத் திட்டாக உரிந்து, கறை போலத் தெரியலாம்.

சரி, உண்மையான கீறலை எடுக்கவே முடியாதா?

மினுக்கம் இல்லாத திரையில் முடியாது. கீறல் என்பது பொருள் போன இடம். அதை இல்லாமற் செய்ய, சுற்றியுள்ள பரப்பையும் பள்ளத்தின் அடிவரை இறக்க வேண்டும். இங்கே இறக்குவதற்கு இருப்பது சில மைக்ரோமீற்றர் பூச்சு மட்டுமே. தேய்க்கத் தேய்க்க மேடுபள்ளம் மழுங்கி, அந்த இடம் மினுங்கத் தொடங்கும். ஒரு மெல்லிய கோடு இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பளபளப்பான திட்டு வரும். வெள்ளைப் பக்கத்தில் அந்தத் திட்டு, முதலில் இருந்த கோட்டைவிடப் பல மடங்கு கண்ணை உறுத்தும். அதைத் திருப்பி மங்கலாக்க வீட்டிலும் கடையிலும் வழியில்லை.

மினுங்கும் பிளாஸ்ரிக்கில், பிளாஸ்ரிக்குக்கு என்றே விற்கும் மிக மென்மையான பொலிஷ் மெல்லிய உரசல்களைக் குறைக்கும். பயறளவு பொலிஷ், சுத்தமான பஞ்சுத்துணி, 20 நொடிக்கு மேல் போகாத சிறு வட்டத் தடவல், பிறகு ஈரத்துணியால் முழுதாகத் துடைப்பு. ஒரு தரம் செய்து பாருங்கள். வித்தியாசம் இல்லாவிட்டால் நிறுத்துங்கள். இரண்டாம் மூன்றாம் தரத்தில் கடினப் பூச்சு போய்விடும், அதன்பிறகு துணி பட்டாலே கீறும்.

கண்ணாடித் திரைக்குச் சீரியம் ஒக்சைட்டுத் தூளைச் சொல்கிறார்கள். வாகனக் கண்ணாடிக்கு அது பொருந்தும். மடிக்கணினியில் அது பூச்சு முழுவதையும் கொண்டுபோகும், தேய்ப்புச் சூடு கண்ணாடிக்குக் கீழுள்ள ஒட்டுப்படையைக் கெடுக்கும், குழம்புத் தண்ணீர் ஓரத்தால் உள்ளே இறங்கும். செய்ய வேண்டாம்.

எங்கள் முடிவு இதுதான்: வேலை செய்யும்போது கண்ணில் படாத கீறலை விட்டுவிடுங்கள். கண்ணில் படுவதை மறையுங்கள். மறையாததற்குத் திரையை மாற்றுங்கள்.

பற்பசை, அப்பச்சோடா, வஸ்லின், அழிறப்பர்: இவற்றில் எதாவது உண்மையாக வேலை செய்யுமா?

பற்பசையில் பல்லைத் தேய்க்கும் சிலிக்காத் தூளோ சுண்ணக் காபனேற்றோ இருக்கிறது. கீறலுக்கு நடப்பது மேலே சொன்ன மழுங்கல்தான். காய்ந்த பசை சட்டத்தின் இடுக்கில் வெள்ளையாக நிற்பது கூடுதல் தொல்லை. அப்பச்சோடாவும் அப்படியே. சமையலறைக்கு விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு, தொட்டால் மென்மையாக இருந்தாலும், மிக நுண்ணிய அரத்தாள் போல வேலை செய்யும்.

வஸ்லின் பற்றிய பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. அதன் ஒளிமுறிவுச் சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) திரைப் பிளாஸ்ரிக்கின் சுட்டிக்கு அண்மையானது என்பதால், பள்ளத்தில் நிரம்பினால் கோடு மங்கும். ஒரு படத்தை நேர்காணலில் காட்ட வேண்டிய அவசரத்துக்கு, ஊசிமுனை அளவு எடுத்துக் கோட்டின் வழியே மட்டும் தடவி மீதியைத் துடைக்கலாம். நாலைந்து நாளில் தூசி ஒட்டிக் கோடு முன்னையதைவிடக் கறுப்பாகத் தெரியும். மினுக்கம் இல்லாத திரையில் சுற்றிலும் எண்ணெய்த் திட்டு விழும்.

வெள்ளை அழிறப்பர், திரையில் ஒட்டிய றப்பர்த் தடத்தை, உதாரணமாக விசைப்பலகை ஓர றப்பர் விட்ட கறுப்புக் கோட்டை, எடுக்கும். கீறலை எடுக்காது. மை அழிக்கும் கரடுமுரடான றப்பரை எடுக்கவே வேண்டாம். முடி உலர்த்தியால் சூடாக்கினால் கீறல் ஆறும் என்பது பொய். சூடு போலரைசரின் பசையைத்தான் கெடுக்கும்.

திரையைத் துடைக்கும் சரியான முறை என்ன?

ஒழுங்கு முக்கியம், இங்கே மணலும் உப்பும் இருப்பதால் அதிலும் முக்கியம்.

நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மூடியைச் சற்றுப் பின்னால் சாய்த்துத் திறந்து வையுங்கள். கமராவில் தூசி ஊதப் பயன்படும் றப்பர்க் காற்றுக்குமிழால் மேலிருந்து கீழாக ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். குமிழ் இல்லையென்றால், புதிய மென்மையான வர்ணத் தூரிகையால் எடை கொடுக்காமல் தட்டிவிடுங்கள். உலர்ந்த துணியை முதலில் வைக்கவே கூடாது. துடைப்பாலேயே கீறல் வரும்.

துணிக்குத்தான் நீர், திரைக்கு இல்லை. கைக்குட்டை அளவுத் துணிக்கு இரண்டு விசிறல் போதும். பிழிந்தால் ஒரு துளியும் விழக்கூடாது. மேல் இடது மூலையில் தொடங்கி, ஒரே திசையில் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் துணியின் புதிய முகத்தைத் திருப்புங்கள். வட்டமாகத் தேய்த்தால் ஒரு மணற்துகள் திரை முழுக்கப் பயணம் செய்யும். கீழ் ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நிறுத்தி, அந்தப் பட்டியைக் கிடையாகத் தனியே துடையுங்கள். திரையை இயக்கும் மின்சுற்று பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான் இருக்கிறது. வடிந்த ஒரு துளி இடுக்கில் இறங்கினால் நிலைக்குத்துக் கோடுகள் வரும், அதற்குப் பிறகு திரை மாற்றம்தான்.

கடைசியாக இன்னொரு உலர்ந்த மைக்ரோஃபைபர். 10 நிமிடம் திறந்தபடி விட்டு, பிறகு போடுங்கள்.

துணியைப் பற்றி: வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் மைக்ரோஃபைபர் போதும். ஆனால் அதில் தைத்திருக்கும் பெயர்த் துண்டையும் தடித்த ஓரத் தையலையும் வெட்டிவிடுங்கள். துணி மென்மையாக்கி போட்டுக் கழுவினால் அதில் உள்ள மெழுகு போன்ற பொருள் திரையில் படலமாக வரும். கழுவிய துணியை முற்றத்துக் கொடியில் காயப்போட்டால் காற்று கொண்டுவரும் மணல் இழைக்குள் ஏறும். வீட்டுக்குள்ளே காயவைத்து, பொலித்தீன் பையில் மூடி வையுங்கள். ரிஷ்யூ, சாரத்துணி, சேர்ட் ஓரம் எதுவும் வேண்டாம்.

எந்தத் திரவம் நல்லது? இங்கே எங்கே கிடைக்கும்?

பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீராக அதைப் பெற்றோல் நிலையத்திலும் பற்றரிக் கடையிலும் வாங்கலாம். போத்தலில் எழுதியிருப்பதைக் கவனமாக வாசியுங்கள்: பற்றரி அசிட்டும் அதேபோன்ற போத்தலில் அருகிலேயே இருக்கும், அது கந்தக அமிலம்.

எண்ணெய்க்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல். பாமசியிலோ இலத்திரனியல் உதிரிப்பாகக் கடையிலோ கேளுங்கள். 99 வீதமானது கிடைத்தால், மினுக்கம் இல்லாத திரைக்கு 50 மில்லிலீற்றருடன் 50 மில்லிலீற்றர் நீர். கண்ணாடித் திரைக்கு 70 உடன் 30. நீர்க்காமல் தடவினால் ஆவியாகும் வேகத்தில் கோடு கோடாகப் படலம் நிற்கும். பாமசியில் "ஸ்பிரிட்" என்று மட்டும் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தரக்கூடும். அதில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்த வகைகள் உண்டு. திரையில் பிசுபிசுப்பு நிற்கும். கை கழுவும் ஜெல்லும் அப்படியே, அதில் கிளிசரின் இருக்கிறது.

அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான், வினாகிரி, பாத்திரச் சவர்க்காரம் மூன்றும் வேண்டாம். பெற்றோலும் வேண்டாம். கியூடெக்ஸ் ரிமூவரில் உள்ள அசற்றோன், தின்னர் பட்டால் திரைப் பிளாஸ்ரிக் வெளுக்கக்கூடும். அதைத் திருத்த முடியாது.

கிணற்றுத் தண்ணீரை வடித்துப் பாவிக்கலாமா?

வேண்டாம். கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணமும் கரைந்திருக்கின்றன. துணியில் வடிப்பதால் அவை போகா. காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அந்தப் புள்ளியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கோடு விழும். கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். போத்தல் குடிநீரிலும் கனிமம் உண்டு, அவசரத்துக்கு மட்டும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் இருந்து வேலை செய்கிறேன். திரைக்கு என்ன நடக்கும்?

இரண்டு வேறு பொருட்கள் ஒன்றாக வந்து படிகின்றன, இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

உப்பு மென்மையானது; நகத்தின் கடினத்துக்குக் கிட்ட நிற்கும். அது தண்ணீரில் கரையும், ஆகவே ஈரத்துணி பட்டதும் போய்விடும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். இரவில் திறந்து வைத்த கணினியின் திரை காலையில் பிசுபிசுப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்தப் பிசுபிசுப்பு அடுத்து வருகிற தூசியைப் பிடித்து வைக்கும்.

மணல் கரையாது. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில். நமது மாவட்டத்தின் வடக்கில் புல்மோட்டைக் கரை இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கோன் கனிமங்களுக்குப் பெயர்போனது. சேர்க்கோன் 7.5. பிளாஸ்ரிக் பூச்சை விடுங்கள், இவை கண்ணாடியையே கீறும். அதனால்தான் ஊதுவது முதலில், ஈரம் அடுத்து, துடைப்பு கடைசியில்.

வைகாசி முதல் புரட்டாதி வரை வறண்ட கச்சான் வீசும்போது தூசிதான் பிரச்சினை: வேலை முடிந்ததும் ஊதிவிட்டு மூடுங்கள், நாளும் துடைக்க வேண்டியதில்லை. ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும் வந்தால் ஈரமும் உப்பும்: கிழமைக்கு இரண்டு தரம் நீர்த்துணியால் துடையுங்கள். ஈரப் பையில் நாட்கணக்காக மூடிக் கிடந்தால் திரையின் ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆரம்பத்தில், உங்கள் திரை வகைக்குச் சொன்ன அல்ககோல் கலவை எடுக்கும். தாளுக்குள் வேர்விட்டால் அடையாளம் நிற்கும்.

கடற்கரையில் பாவித்த கணினியை அங்கேயே மூடுவதற்கு முன் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டி மணலை உதிர்த்துவிடுங்கள். விசைகளுக்கு இடையில் நிற்கும் ஒரு துகள், பையில் அழுத்தப்படும்போது திரையைக் குத்தும்.

நுளம்புக் கிறீம் பூசிய கையால் தொட்டேன். விரல் தடம் போகவில்லையே?

நுளம்பு விரட்டும் கிறீம்களில் பலவற்றில் டீட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும், திரையின் மேற்படையில் உள்ள அசற்றேற்று அவற்றில் ஒன்று. கடினப் பூச்சு கொஞ்ச நேரம் காக்கும். கீறல் இருக்கும் இடத்தில் காக்காது. உடனே நீர்த்துணி, பிறகு 50 வீத அல்ககோல் துணி. ஒரு இரவு விட்டிருந்தால் விரல் வரி மங்கலாகப் பதிந்திருக்கும், அது இனிப் போகாது. கிறீம் பூசினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மூடியைத் தொடுங்கள். மூடியைத் திறக்கும்போது பெருவிரல் படுவது எப்போதும் திரையின் மேல் ஓரத்தில்தான்.

நுளம்புச்சுருள், சாம்பிராணிப் புகை விடும் மஞ்சட் படலத்துக்கு அல்ககோல் கலவை போதும். இரண்டு மூன்று துணி முகம் மாற வேண்டிவரும்.

பசை, மார்க்கர், சுவர்ப் பூச்சுத் துளி?

ஸ்ரிக்கர்ப் பசைக்கு அல்ககோல் துணியை 30 நொடி தொட்டபடி வைத்து, பிறகு உருட்டி எடுங்கள். போகாவிட்டால் அதையே மூன்று தரம் திரும்பச் செய்யுங்கள். கத்தி, ஏரிஎம் அட்டை கொண்டு சுரண்ட வேண்டாம். மார்க்கர் மைக்கும் அதுவே, ஆனால் வெளிப்புறத்திலிருந்து நடுவுக்குத் துடையுங்கள், இல்லாவிட்டால் மை பரவும். காய்ந்த இமல்ஷன் துளியை நீர்த்துணியால் 5 நிமிடம் ஊறவைத்தால் தோலாக எழும்பும். எனமல் துளி என்றால் விட்டுவிடுங்கள்: அதைக் கரைப்பது எதுவோ அது திரையையும் கரைக்கும்.

வெள்ளைப் பக்கத்தில் பிரகாசமான பொட்டுகள் தெரிகின்றன. தேய்த்தால் போகுமா?

போகாது. திரைக்குப் பின்னால் ஒளியைப் பரப்பும் தாள்கள் அடுக்காக இருக்கின்றன. பையில் சார்ஜரோ சாப்பாட்டுப் பெட்டியோ மூடியின் முதுகில் அழுத்தினால் தாள்கள் அந்த இடத்தில் பதிந்து, வெளிச்சம் கூடுதலாகக் கசியும். விரலால் நீவினால் இன்னொரு பொட்டு வரும். பொட்டு பரவாத வரை வேலைக்குத் தடையில்லை. மைபோலப் பரவும் கறுப்புத் திட்டு என்றால் உள்கண்ணாடி உடைந்துவிட்டது. கோப்புகளை உடனே பிரதி எடுங்கள்.

திரைக்குள் சின்னப் பூச்சி ஊர்கிறது!

தொடாதீர்கள், தட்டாதீர்கள். நசுங்கினால் திரை உள்ள காலம் வரை அங்கேயே ஒட்டியிருக்கும். கணினியை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, திரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு சிறு விளக்கை ஓரிரு மணித்தியாலம் எரியவிடுங்கள். வெளிச்சத்தைத் தேடி வந்த பூச்சி பெரும்பாலும் அதே வழியால் வெளியேறும்.

கீறலை மறைக்கத் திரைத் தாள் ஒட்டலாமா?

மெல்லிய கீறலுக்கு உள்ள நல்ல வழி இதுதான். தாளின் பசை பள்ளத்தை நிரப்பும், தாளின் மங்கல் பரப்பு மிச்சத்தை மறைக்கும். மினுக்கம் இல்லாத வகையை வாங்குங்கள். நகத்தில் தட்டும் கீறல் தாளுக்கு அடியிலும் தெரியும்.

தடிப்பைக் கவனியுங்கள். மக்புக் மூடியில் ஒட்டும் கமரா மறைப்புக்கூட ஒரு சாதாரண அச்சுத் தாளின் தடிப்பான 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்று அப்பிள் நிறுவனம் சொல்கிறது. தடித்த கண்ணாடித் தாள் ஒட்டி மூடினால் திரையே வெடிக்கக்கூடும்.

ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்துங்கள். திரையை மேலே சொன்னபடி துடைத்து, தாளின் பாதுகாப்பு உறையை மேல் ஓரத்தில் 3 சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, நேர்பார்த்து, மேலிருந்து கீழே இறக்குங்கள். துணி சுற்றிய அட்டையால் காற்றை வெளியே தள்ளுங்கள். தூசி அகப்பட்டால் தாளின் அந்த மூலையை உயர்த்தி, ஒட்டுநாடாவால் தூசியைத் தொட்டு எடுக்கலாம். கைத்தொலைபேசிக் கடையில் செய்வது போலச் சவர்க்காரத் தண்ணீர் விசிறி ஒட்டும் முறை மடிக்கணினிக்குக் கூடாது, கீழ் ஓரத்துச் சுற்றை நினைவில் வையுங்கள்.

போலரைசர் தாளை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?

கேட்க நன்றாக இருக்கும். பழைய தாளை உரிக்கும்போது, ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாத கண்ணாடியில் இழுவை விழுகிறது. மூலை வெடிப்பது சாதாரணம். உரித்த பிறகு பசையை எடுக்க வேண்டும், புதிய தாளின் ஒளியச்சுக் கோணம் பழையதோடு பொருந்த வேண்டும்; 90 பாகை மாறினால் படம் எதிர்மறையாகத் தெரியும். ஒரு தூசி அகப்பட்டாலும் முழு வேலையும் வீண். பழுதாகிப் போன திரையில் பழகிப் பார்க்க நல்ல வேலை. பாவிக்கும் கணினியில் வேண்டாம்.

திரையை மாற்றுவதென்றால் கடையில் என்ன கேட்க வேண்டும்?

கணினியின் மாதிரிப் பெயர் மட்டும் போதாது. ஒரே மாதிரியில் இரண்டு மூன்று வகைத் திரைகள் வந்திருக்கலாம். கழற்றிய திரையின் முதுகில் உள்ள ஸ்ரிக்கரைப் படம் எடுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீட்டுக்குள் பெரும்பாலும் 156 அல்லது 140 என்று இருக்கும்: 15.6 அங்குலம், 14 அங்குலம். அதோடு நான்கு விடயம் பொருந்த வேண்டும்: இணைப்பியில் உள்ள ஊசிகளின் (pin) எண்ணிக்கை 30 ஆ 40 ஆ, படநுணுக்கம் 1366 × 768 ஆ 1920 × 1080 ஆ, திருகு பூட்டும் காதுகள் உண்டா இல்லையா, தொடுதிரையா இல்லையா. காது இல்லாத திரையைக் காதுள்ள கணினிக்குப் போட்டால் ஒட்டுநாடாவில் தொங்கும்.

மினுங்கும் திரை இருந்த இடத்தில் மங்கல் திரை போடலாம், மற்றவை பொருந்தினால். வெயில் வெளிச்சம் நேரே விழும் வீடுகளுக்கு அது நல்ல மாற்றம்.

வேலை செய்பவர் திரை இணைப்பியைக் கழற்றுவதற்கு முன் உள்பற்றரியின் வயரைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். பற்றரி இணைந்திருக்க இணைப்பியைச் சற்றுச் சரிவாக இழுத்தால் பின்னொளி மின்தடம் பக்கத்து ஊசியைத் தொட்டு, தாய்ப்பலகையில் உள்ள சிறு உருகி போகலாம். போனால் புதிய திரையும் இருட்டாகவே இருக்கும், பழி புதிய திரைக்குப் போகும். பூட்டியதும் சட்டத்தை ஒட்டுவதற்கு முன்னரே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஐந்து நிறத்தையும் முழுத்திரையில் காட்டச் சொல்லுங்கள். செத்த புள்ளி இருந்தால் அந்த நேரத்தில் மாற்றிக்கொள்வது சுலபம்.

கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குத் தினமும் பஸ்ஸில் கொண்டுபோகிறேன். புதுத் திரையை எப்படிக் காப்பாற்றுவது?

மூடியின் முதுகு உங்கள் முதுகைப் பார்க்கும்படி பையில் வையுங்கள், புத்தகமும் சாப்பாட்டுப் பெட்டியும் அடிப்பக்கத்தை அழுத்தட்டும். சார்ஜர் வேறு அறையில். பையின் கணினி அறையை மாதம் ஒருமுறை உள்வெளியாகப் புரட்டி மணலைத் தட்டுங்கள். விசைகளுக்கும் திரைக்கும் இடையில் மெல்லிய மைக்ரோஃபைபர் வைக்கலாம், ஆனால் 0.1 மில்லிமீற்றர்க் கணக்கு மெல்லிய கணினிகளுக்கு இங்கேயும் பொருந்தும். மூடி இயல்பாக மூடாவிட்டால் எடுத்துவிடுங்கள். திறக்கும்போது மூடியின் நடுவில் பிடியுங்கள். மூலையில் பிடித்துத் திறந்தால் சட்டம் முறுகி, திரையின் அந்த ஓரத்தில் மங்கல் திட்டு வரலாம்.